மூன்று பேர் தள்ளிய அரை மணி நேரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

('சம்பந்தி' என்ற சொல்லை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் தங்களுக்கு மனம் இளகவில்லை என்றால், அதை அழித்துவிட்டு 'ஐயா' என்று போட்டுக்கொள்ளலாம். அழிப்பான் உறைக்குள்ளேயே இருக்கிறது.)

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்பளவில் நலமே. அங்கு தங்கள் வலது முழங்கால் நீங்கலாக எல்லாரும் எல்லாமும் நலமாக இருக்கவேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். சனிக்கிழமையன்று தேநீர்க்கடை வாசலில் தாங்கள் கம்பை ஊன்றிக்கொண்டு, "எது சொல்றதா இருந்தாலும் எழுத்துல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்கள் அல்லவா, அந்த எழுத்து இதுதான். நான்கு நாட்களாக எழுதி எழுதிக் கிழித்ததில் வீட்டில் குப்பைக்கூடை நிறைந்துவிட்டது. முதல் கடிதத்தில் பழியைக் கணினி மேல் போட்டிருந்தேன், இரண்டாவதில் டாக்டர் மேல், மூன்றாவதில் தங்கள் மேலேயே போட்டிருந்தேன். மூன்றையும் கிழித்த பிறகு பழி போட வேறு ஆள் இல்லாததால், இதில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எலும்பு ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவில் வேலை பார்ப்பது தங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்பது தெரிந்திருக்காது. என் மனைவிக்கே தெரியாது, அக்கம்பக்கத்தில் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்றுதான் சொல்லிவருகிறாள். நோயாளியின் பெயர், வயது, எந்த எலும்பு, எந்த டாக்டர், எத்தனை மணிக்கு வரவேண்டும், இவையெல்லாம் தங்கியிருக்கும் தரவுத்தளத்துக்கு நான்தான் காவல்காரன். முன்பெல்லாம் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய கணினி, சர்வர் என்போம். கூட்டம் பெருகி அது மூச்சு வாங்க ஆரம்பித்ததும், போன மாதம் இன்னும் இரண்டை வாங்கிப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாள் அவற்றுக்குப் பெரியவன், நடுவுளவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்திருக்கிறார். மூன்றும் பார்ப்பது ஒரே தரவுத்தளத்தைத்தான். மூன்று குமாஸ்தாக்கள் ஒரே நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நோட்டில் மொத்தமாக ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் நான் நேராகக் கைவைக்க மாட்டேன். இன்ன மாற்றம் என்று எழுதி, அதற்கு ஒரு எண் கொடுத்து, புது மென்பொருளோடு சேர்த்து அனுப்பிவிடுவேன். எங்கள் தொழிலில் இதற்கு மைக்ரேஷன் என்று பெயர். சர்வர் கண் விழித்ததும் முதல் வேலையாக ஒரு பதிவேட்டைத் திறந்து, 'இந்த எண்ணுள்ள மாற்றம் நடந்தாகிவிட்டதா?' என்று பார்க்கும். நடந்திருந்தால் பேசாமல் தன் வேலைக்குப் போகும். நடக்கவில்லை என்றால் மாற்றத்தைச் செய்து முடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடும். பதினொரு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறை வந்ததில்லை. வராததற்குக் காரணம் என் சாமர்த்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருந்தது ஒரே ஒரு சர்வர் என்பதுதான் காரணம் என்பது இப்போது தெரிகிறது.

போன வாரம் முட்டி டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "காலைல வார்டை ஒரு சுத்து சுத்திட்டு வர எனக்கு நேரம் பத்தலைங்க. சனிக்கிழமைலேருந்து எட்டு மணிக்குப் பதிலா எட்டரைக்கு உட்காருறேன். எல்லாருக்கும் அரை மணி தள்ளி வெச்சிடுங்க" என்றார். இது என்ன பெரிய காரியம்? ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டிலும் முப்பது நிமிடத்தைக் கூட்டு என்று ஒரே ஒரு வரி எழுதினேன், நாற்பத்தேழாம் எண் கொடுத்தேன், வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூன்று சர்வர்களையும் ஒரே நேரத்தில் எழுப்பினேன். திரையில் 'வெற்றி' என்று மூன்று முறை வந்தது. முட்டாள்தனத்தைப் பாருங்கள், இருப்பது ஒரு மாற்றம், வெற்றி எப்படி மூன்று வரும் என்று கேட்க வேண்டாமா? நான் தலைவாரிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். நோயாளிகள் எல்லாருக்கும் புது நேரம் குறுஞ்செய்தியாகப் பறந்தது. ஒன்பதரைக்கு வரவேண்டிய தங்களுக்குப் பத்து மணி என்று போயிருக்க வேண்டும். பதினொரு மணி என்று போயிருக்கிறது.

இனி வீட்டு விஷயம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாமதம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உள்ளது, அதில் என் பங்கு கொஞ்சம் கூடுதல். தங்கள் குடும்பத்தைச் சந்திப்பது சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் என்று முடிவானது. தங்களைப் பற்றி மகள் சொல்லியிருந்தாள். ஆலையில் சைரன் ஊதும் பொறுப்பு தங்களுடையது, முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அரை நிமிடம் பிசகியதில்லை, தெருவே அதைக் கேட்டுத்தான் அடுப்பை மூட்டும், 'சைரன்காரர்' என்று ஊரே மரியாதையாகச் சொல்லும். இப்படிப்பட்டவர் முன்னால் தாமதமாகப் போய் நின்றால் என் பெண்ணின் கதி என்ன? பையனும் பெண்ணும் இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் மெல்ல மெல்லச் சொல்லி, கெஞ்சி, இந்தச் சந்திப்புவரை கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை, கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முக்காலியைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். மறுநாள் காலை, இழுப்பறையில் நின்றுபோய்க் கிடந்த என் நல்ல வாட்சை ஓடவிட்டு, அதையும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே சரிசெய்து கட்டிக்கொண்டேன். ஊரை ஏமாற்றுவதென்று இறங்கினால் நம்மையும் சேர்த்து ஏமாற்றினால்தானே முழுமை.

போனில் நேரம் பார்க்கக்கூடாதா என்று கேட்பீர்கள். கண்ணாடி இல்லாமல் எனக்குப் போனில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், கண்ணாடியைப் போட்டால் படங்களில் கிழவனாக விழுகிறேன் என்று மகள் அன்று அதை வாங்கி வைத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் தேநீர்க்கடையில் போய் உட்கார்ந்தபோது என் வாட்சில் சரியாகப் பன்னிரண்டு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்ட பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. தங்கள் குடும்பத்தைக் காணோம். "பரவாயில்லை, நம்மைவிட லேட்டா வர்றவங்கன்னா நமக்குத்தான் நிம்மதி" என்று நான் சொன்னதைக் கேட்டு என் மனைவியும் மகளும் ஏனோ ஒரு மாதிரி சிரித்துக்கொண்டார்கள். அப்போதுதான் வரவேற்பு மேசை அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"சார், எங்க இருக்கீங்க? இங்க கூடமே கத்துது. டாக்டர் காலைல ஒரு மணி நேரம் ஆளே இல்லாம உட்கார்ந்திருந்தார் சார். மேசையில இருக்கற பிளாஸ்டிக் முழங்காலை எடுத்து மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வந்தாங்க. பதினொண்ணாச்சுன்னு அவர் ஆபரேஷனுக்குப் போயிட்டார். மிச்சப் பேரை என்ன பண்றது?"

சாலையைத் தாண்டி ஓடினேன். காத்திருக்கும் கூடத்தில் கைத்தடிகளும் ஊன்றுகோல்களுமாக ஒரே களேபரம். எல்லாருக்கும் முன்னால் ஒரு பெரியவர், உயரமாக, டாக்டருக்குக் காட்டத் தயாராக வலது கால் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, கம்போடு நின்றார். அவரைப் பார்த்ததும் எனக்கு எந்த உள்ளுணர்வும் சொல்லவில்லை. தனியாகத்தான் நின்றார். (தங்கள் துணைவியாரும் மகனும் அப்போது மருந்துக் கவுன்ட்டரில் இருந்ததாகப் பின்னால் அறிந்தேன். மகனாவது அருகில் இருந்திருந்தால், என் மகளின் போனில் நான் பார்த்த முகம் என்று எனக்கு ஒரு பொறி தட்டியிருக்கும்.)

"பதினொரு மணின்னு மெசேஜ் அனுப்புனீங்க. பத்தே முக்காலுக்கே வந்துட்டேன். டாக்டர் போயிட்டாருங்கறாங்க. என்ன நிர்வாகம் இது?" என்றார் அந்தப் பெரியவர்.

அங்கே நான் செய்திருக்க வேண்டியது, "மன்னிச்சிடுங்க, பாக்கறேன்" என்பது. ஆனால் மூன்று 'வெற்றி' கொடுத்த திமிர் எனக்குள் இன்னும் இறங்கவில்லை. "வாய்ப்பே இல்லைங்க. பதினொண்ணு வரைக்கும் டாக்டர் இங்கதான் இருந்திருக்கார். நீங்கதான் லேட்டா வந்திருக்கீங்க" என்றேன்.

"நானா? லேட்டா?"

"பின்ன? இப்ப என்ன மணின்னு நெனைக்கிறீங்க?"

"பதினொண்ணே கால்" என்று அவர் கையை உயர்த்திக் காட்டினார். நான் என் கையை அதன் பக்கத்தில் வைத்தேன். என் வாட்சில் பன்னிரண்டு ஐந்து. நானே தள்ளிய பத்து நிமிடம் அந்த நேரத்தில் எனக்கு மறந்தே போய்விட்டது. கூடத்துச் சுவரைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், அங்கே இருக்கும் கடிகாரம் பேட்டரி தீர்ந்து ஆறு மாதமாக ஏழு இருபதிலேயே நிற்கிறது. "அம்பது நிமிஷம் தப்பா ஓடற வாட்சைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல வந்துட்டீங்களே ஐயா. மொதல்ல அதைக் கழட்டிக் கடையில குடுங்க" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்து, "முட்டியைவிட அதுக்குத்தான் வைத்தியம் வேணும்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அந்தப் பெரியவர் பேண்ட்டை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அதில்தான் நான் முழுசாகத் தோற்றுப்போனேன் என்பது இப்போது புரிகிறது.

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள், இருந்தாலும் எங்கள் மேசைப் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் திரும்பிவந்து உட்கார்ந்து, "ஒரு கிழவர்கிட்ட நல்லா குடுத்துட்டு வந்தேன்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன், மகள் எழுந்து நிற்கிறாள், "அப்பா, அவங்க வந்துட்டாங்க" என்கிறாள், நான் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புகிறேன், வாசலில் கம்பு. கம்புக்கு மேலே அந்த முகம். நாற்காலிக்குக் கீழே ஒளிந்துகொள்ள இடமிருந்தால் ஒளிந்திருப்பேன். நீங்கள் கோபப்படவில்லை. "உங்க வாட்ச்ல இப்ப மணி என்னங்க?" என்று கேட்டீர்கள். எனக்கு வாய் குழறி, "பன்னண்டரை" என்று உளறிவிட்டேன். "என் வாட்ச்படி நான் இருபது நிமிஷம் முன்னாடியே வந்திருக்கேன். உங்க வாட்ச்படி அரை மணி லேட்டு. லேட்டா வந்தவங்க உள்ள வந்து உட்கார்றது மரியாதை இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். தங்கள் துணைவியார் இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தார், தங்கள் மகன் நான்கு முறை திரும்பிப் பார்த்தார். என் மகள் அழவில்லை. காலிக் கோப்பையில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டு வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன், ஐயா. அந்தக் கரண்டிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுதிய வரியை எடுத்துப் பார்த்தேன். முப்பது என்றுதான் இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தேன், தூரத்தில் வைத்துப் பார்த்தேன், வரவேற்பு மேசை அம்மாளைப் படிக்கச் சொன்னேன், "முப்பதுதான் சார்" என்றார். நிர்வாகி வந்து, "இனிமே இப்படி நடக்காதுன்னு எழுத்துல குடுங்க" என்றார். ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் எழுத்தில் கேட்டுவிட்டார்கள். முப்பதைக் கூட்டச் சொன்னால் தொண்ணூறைக் கூட்டுகிற பேய் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பிற்பகல் வீட்டுக்கு வந்து, கூடத்தில் அப்படியே உட்கார்ந்தேன். மூவரும் ஆளுக்கொரு மூலை. தலைக்கு மேலே கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. நேத்து நீங்க கடைக்குப் போனப்ப நான் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிட்டேன். எப்படியும் நீங்க லேட் பண்ணுவீங்கன்னு."

"நீயா? நான்ல தள்ளி வெச்சேன்?"

"நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை? இந்த வீட்ல பொறுப்பா யோசிக்கிறது நான் ஒருத்திதானே?"

மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நானும்தான் தள்ளினேன்ப்பா. இன்னிக்குக் காலைல, நீங்க குளிக்கப் போனப்ப. உங்க ரெண்டு பேரையும் நம்பினா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுன்னு."

"தள்ளறதுக்கு முன்னாடி சரியா ஓடுதான்னு பாக்க மாட்டியா?"

"எதுக்குப்பா பாக்கணும்? வேற யாரு கை வைக்கப்போறாங்க?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே இருவரும் போனைப் பார்த்து, நிறையவே முன்னால் இருக்கிறோம் என்று கண்டிருக்கிறார்கள். தான் தள்ளிய பத்து நிமிடம் இவ்வளவு பிரமாதமாக வேலை செய்கிறதே என்று ஆளுக்கு ஆள் மனதுக்குள் மெச்சிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்களாம். தேநீர்க்கடையில் பார்த்த சிரிப்புக்கு அர்த்தம் அதுதான். நான் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஆளுக்குப் பத்து, மூன்று பேர், அரை மணி. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குத் திடீரென்று அந்த மூன்று 'வெற்றி' நினைவுக்கு வந்தது. சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே மூன்று கையெழுத்து. பெரியவன், நடுவுளவன், கடைக்குட்டி. ஒரே நாள், ஒரே மணி, ஒரே நொடி.

என்ன நடந்தது என்றால், மூன்றும் ஒன்றாகக் கண் விழித்து, ஒன்றாகப் பதிவேட்டைப் பார்த்திருக்கின்றன. அந்த நொடியில் நாற்பத்தேழு நடந்திருக்கவில்லை, அதனால் மூன்றுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைத்தது. உடனே ஒவ்வொன்றும், இந்த வீட்டில் பொறுப்பானவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு அரை மணியைத் தள்ளிவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டது. ஒருவர்மேலும் தப்பில்லை, மூவரும் கடமையைத்தான் செய்தார்கள். தப்பு என்னுடையது. ஒரு எண்ணுக்கு ஒரு கையெழுத்துதான் என்ற விதியை நான் பதிவேட்டில் போட்டு வைக்கவில்லை. ஒற்றை சர்வர் இருந்த காலத்தில், யார் இரண்டாம் கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். மகள் கேட்டாளே, 'வேற யாரு கை வைக்கப்போறாங்க' என்று, அதே நினைப்பு. பெண் யார் ஜாடை என்று எங்கள் வீட்டில் இருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து சரிசெய்தேன். வழி ஒன்றும் புதிதல்ல, தொழிலில் எல்லாரும் செய்வதுதான், நான்தான் செய்யாமல் இருந்தேன். பதிவேட்டு அறைக்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. எவன் சாவியை எடுக்கிறானோ அவன் மட்டும் உள்ளே போகலாம், மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். இதை முதலில் பழகுவதற்கென்று இருக்கும் நகல் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்தேன், நல்லவேளை. மறுபடியும் தொண்ணூறு நிமிடம்! தலையில் கைவைத்துக்கொண்டு தேடினால், மூன்று பயல்களும் வெளியிலிருந்தே பதிவேட்டை எட்டிப் பார்த்து, 'நடக்கவில்லை' என்று தெரிந்துகொண்டு, அதற்கப்புறம் மரியாதையாகச் சாவிக்கு வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் அரை அரை மணியாகத் தள்ளியிருக்கிறார்கள். முன்பு தள்ளுமுள்ளில் செய்த தப்பை இப்போது ஒழுக்கமாகச் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு, சாவி கைக்கு வந்ததற்கு அப்புறம்தான் பதிவேட்டைப் பார்க்கவேண்டும் என்று மாற்றினேன். சரியாக வந்தது. சந்தோஷத்தில் காலை நீட்டினேன், பெரியவனின் மின்கம்பி இடறிப் பிடுங்கிக்கொண்டது. அவன் சாவியோடு மயங்கிவிட்டான். மற்ற இருவரும் வெளியே நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். அதற்கும் ஒரு வழி செய்தேன். பிடித்தவன் விழுந்தால் சாவி தானாகவே ஆணிக்குத் திரும்பிவிடும், அவன் பாதியில் விட்ட வேலையும் செல்லாமல் போய்விடும், அடுத்தவன் முதலிலிருந்து செய்வான். கூடவே, ஒரு எண்ணுக்கு இரண்டாம் கையெழுத்து எவன் போட்டாலும் ஏற்காதே என்று பதிவேட்டுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கூடுதலாகப் போன ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் நாற்பத்தெட்டாம் மாற்றத்தை அனுப்பினேன். மூன்றையும் ஒன்றாகவே எழுப்பினேன். வரவேற்பு மேசை அம்மாள் என் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டிதான் சாவியை எடுத்தான். கழித்தான், கையெழுத்துப் போட்டான், சாவியைத் திருப்பிக் கொடுத்தான். நடுவுளவன் உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தான். பெரியவனும் அப்படியே. ஒரே ஒரு 'வெற்றி'. அந்த அம்மாள், "சின்னப் பையன் சமத்து சார்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நிர்வாகியிடம் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன், படிக்காமலே கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஆகவே தங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். சனிக்கிழமை நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்பு. தங்கள் வாட்ச் சரி, என் வாட்ச் தப்பு, இதைக் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறேன். அடுத்து, முட்டி டாக்டரிடம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்களுக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறேன், அந்த வரியை நானே மூன்று முறை பார்த்துவிட்டேன், பார்த்தேனே தவிரத் தொடவில்லை. கடைசியாக, தாங்கள் குடும்பத்தோடு வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். கூடத்துக் கடிகாரத்தைச் சரிசெய்தாகிவிட்டது. முக்காலியை என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், கடிகாரத்தில் கைவைக்க விரும்புகிறவர் அதைக் கேட்டு வாங்கி, முள்ளை நகர்த்தியதைக் கீழே ஒரு சீட்டில் எழுதி ஒட்டவேண்டும் என்பது வீட்டு விதி. என் மேல் உள்ள கோபத்தை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் பெண் தன் பங்குக்குத் தள்ளியது வெறும் பத்து நிமிடம்தான், அதுவும் உங்களைக் காக்க வைக்கக்கூடாது என்ற பயத்தில்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும், தங்கள் மகனுக்கு என் அன்பும் ஆசியும், தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும். தங்கள் சைரன் இன்னும் பல்லாண்டு பிசகாமல் ஒலிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக (சரியான நேரத்தில்) காத்திருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது மனைவி வந்து, "யாருக்குங்க கடிதாசி?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறியது. ஞாயிற்றுக்கிழமையே அவள் தங்களுக்கு ஒன்று எழுதிப் போட்டுவிட்டாளாம். சனிக்கிழமையன்று எனக்குக் கடும் காய்ச்சல், என்ன பேசினோம் என்றே எனக்குத் தெரியாது, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள் என்று அதில் இருக்கிறதாம். நாங்கள் பேசுவதைக் கேட்டு மகள் அறையிலிருந்து தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். அவள் திங்கட்கிழமை எழுதியிருக்கிறாள். காய்ச்சலெல்லாம் அதில் இல்லை. 'எங்க அப்பா அவசரப்பட்டுப் பேசிடுவார், ஆனா தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்சா தூங்க மாட்டார்' என்று எழுதினாளாம், சனிக்கிழமை ஐந்து மணி, அதே தேநீர்க்கடை என்று முடித்தாளாம். ஆக எங்கள் வீட்டிலிருந்து தங்களுக்கு மூன்று மன்னிப்பு, மூன்று காரணம், மூன்று நேரம். சர்வருக்குப் பூட்டுப் போட்டேன், முக்காலிக்குப் பூட்டுப் போட்டேன், அஞ்சல் உறைக்குப் போட மறந்துவிட்டேன். மூன்றையும் செல்லாதவையாகக் கருதி, தாங்கள் ஒருவர் மட்டும் நேரத்தைக் குறித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வரியை எழுதும்போதே தபால்காரர் வந்து தங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நின்றபடியே படித்தேன். திங்கட்கிழமை ஆலையின் பெரிய கடிகாரத்தோடு ஒப்பிட்டதில் தங்கள் வாட்ச் இருபது நிமிடம் பின்னால் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் விசாரித்ததில், தாங்கள் எல்லாரையும் வெகு முன்னதாகவே கிளப்பி இம்சை செய்கிறீர்கள் என்று தங்கள் துணைவியார் சனிக்கிழமை காலை அதைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினார் என்றும், அது தெரியாமல் மகனும் ஒரு பத்து நிமிடம் தள்ளினார் என்றும், ஆகவே நான் அன்று சொன்னதில் நியாயம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு நாங்கள் மூவரும் கூடத்திலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று நான் காட்டிய ஐம்பது நிமிடத்தில் முப்பது எங்கள் வீட்டுடையது, இருபது தங்கள் வீட்டுடையது. எனவே மேலே கேட்ட மன்னிப்பில் ஐந்தில் இரண்டு பங்கை மரியாதையுடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவ்வளவு நாள் இரண்டு குடும்பமும் ஒத்துப்போகுமா என்று எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது, அது போய்விட்டது.

ஆனால் தங்கள் கடிதத்தின் கடைசி வரி, 'அடுத்த சந்திப்புக்குத் தாங்களே நேரம் குறிக்கவும்' என்பது. நான் தங்களைக் குறிக்கச் சொல்கிறேன், தாங்கள் என்னைக் குறிக்கச் சொல்கிறீர்கள். இப்படியே விட்டால் நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆயுசுக்கும் நிற்போம். இதை மகளிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டோம். சனிக்கிழமை அஞ்சு மணி. அவங்க வீட்ல அவர் சொல்லிக்குவார், இங்க நான் சொல்லிக்கிறேன். நீங்க யாரும் இனிமே எதையும் தள்ள வேணாம்" என்றாள்.

ஆகவே சாவி இப்போது அவர்கள் இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு சாவியை ஒரே சமயத்தில் இருவர் பிடிக்கக்கூடாது, இந்த ஒன்றுக்கு மட்டும் விதியைத் தளர்த்திவிட்டேன். முதல் வரியில் பென்சிலால் எழுதியதன் மேல் பேனாவை ஓட்டிவிட்டேன், அழிப்பானையும் உறையிலிருந்து எடுத்துவிட்டேன். நான் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன், சம்பந்தி. தாங்களும் வந்து பக்கத்தில் நில்லுங்கள். முட்டி வலித்தால் உட்கார முக்காலி இருக்கிறது, என் அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிறேன்.